ஆள் உறங்கும் வண்டிக்கு முட்டுக் கொடுத்தது

பயந்தாங்கொள்ளி என்று பட்டறையில் எனக்கு ஒரு பெயர் உண்டு. முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். பாறசாலைக்கு இந்தப் பக்கம், ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டு பஸ்ஸுக்கும் வேனுக்கும் பாடி கட்டிய ஒரு பட்டறையில்தான் என் வேலைக்காலம் முழுவதும் போனது. ஓய்வு பெற்ற பிறகும் அங்குள்ளவர்களின் வாட்ஸப் குழுவில் என்னை வைத்திருக்கிறார்கள். போன வாரம் அதில் ஒரு படம் வந்தது. புதிதாக இறங்கியிருக்கும் பலகை. இரண்டு தகட்டுக்கு நடுவே பஞ்சு மாதிரி எதையோ வைத்து ஒட்டியது, மரமே கிடையாது. "சுகுமாரண்ணே, இனி மரம் விட்டுப் போகும்னு பேடிக்காண்டாம். உங்க சர்வீஸ்ல நீங்க ரொம்பப் பேடிச்ச வேலை ஏதாக்கும்?" என்று கீழே ஒருவன் கேட்டிருந்தான். மற்றவர்கள் சிரிக்கும் பொம்மைகளாகப் போட்டுத் தள்ளியிருந்தார்கள்.

ஏதாவது பஸ்ஸைச் சொல்வேன் என்று நினைத்திருப்பார்கள். நான் அதிகம் பயந்தது ஒரு சின்ன வண்டிக்கு. ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற கேம்பர் வண்டி. உள்ளே ஒரு கட்டிலும் ஒரு அடுப்பு மேடையும்தான் இருக்கும். போனில் தட்டித் தட்டி இவ்வளவையும் எழுத எனக்கு வராது. ஆகவே பேப்பரில் எழுதி, படம் எடுத்துப் போடுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

நான் வேலை படித்ததைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பத்தாம் வகுப்பில் தோற்றேன், மாமா கொண்டுபோய் விட்டார், மரத்தூள் வாரினேன், பிறகு இழைப்புளியைக் கையில் தந்தார்கள், பிறகு அயனி மரத்தில் சட்டம் கூட்டவிட்டார்கள். எல்லோருக்கும் நடப்பதுதான். சொல்ல வேண்டியது போர்மேன் ஞானதாஸ் அண்ணனைப் பற்றி. முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவரை மூப்பிலான் என்போம். ரிவிட் அடித்து அடித்து அவருக்கு இடது காது போயிருந்தது. ஆகவே எதையும் தட்டிப் பார்க்கும்போது வலது காதைத்தான் கொண்டுபோவார். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. சாதாரண நாளில் எங்களை எலே என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் சார் என்பார். ஒருவன் முறுக்கி ஏற்ற வேண்டிய ஸ்குருவைச் சுத்தியலால் அடித்து ஏற்றிக்கொண்டிருந்தான். இவர் பக்கத்தில் போய் நின்று, "சாருக்கு சாயா வந்தாச்சா?" என்று அன்பாகக் கேட்டார். அவன் அன்றைக்குச் சாயாவும் குடிக்கவில்லை, மத்தியானம் சோறும் தின்னவில்லை.

அவர் வைத்திருந்த ஒரு முறை உண்டு. பாடி கட்டி முடித்த வண்டி வெளியே போகும் முன், அதன் ஏப்புகளைச் சேர்த்தவன் அதில் ஏறி ஓட வேண்டும். இரண்டு மரம் சேரும் இடத்தை எங்கள் பக்கம் ஏப்பு என்போம். டிரைவர் பக்கத்தில் சொகுசாக உட்காரக் கூடாது. அதிகம் குலுங்கும் கடைசி சீட்டில், கண்ணை மூடி, காதைச் சட்டத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். இறங்கி வந்து "போகட்டு" என்று அவன் வாயால் சொன்னால்தான் வண்டி கேட்டைத் தாண்டும். முதலாளி சொன்னாலும் தாண்டாது.

ஒரு தடவை நெய்யாற்றின்கரை வரை ஓடித் திரும்பிய பஸ்ஸில் எனக்கு ஏதோ கிறீச் என்று கேட்டது. போகட்டு என்று சொல்ல வாய் வரவில்லை. பின்வரிசைப் பலகை முழுவதையும் கழற்ற வைத்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. கூட இருந்தவர்கள் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். மூப்பிலான் மட்டும், "கேட்டதச் சொன்னான். அதுக்காக்கும் ஏத்தி விட்டது" என்றார். அந்தச் சத்தம் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த பஸ் எங்கள் ஊர் நிறுத்தத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சில வருஷம் நான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன்.

பிறகு விதிமுறைகள் மாறின. எங்களைப் போன்ற கொட்டகைக்காரர்கள் புது பாடி கட்ட முடியாது என்று ஆனது. பட்டறை பழுது பார்க்கும் இடமாகச் சுருங்கியது. நான் ஓய்வு பெறவிருந்த வருஷம், வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழைக்குக் கொஞ்சம் முன்பு, ஆரியங்கோட்டிலிருந்து தாசையன் என்று ஒருவர் வந்தார். சொந்தமாகக் கொஞ்சம் ரப்பர் வைத்து, தானே பால் வெட்டுகிற ஆள். சட்டையெல்லாம் ரப்பர் பால் கறை.

"வண்டிக்குள்ள மரம் எல்லாம் விட்டுட்டு நிக்குது. ஒண்ணு வந்து பாக்கணும்," என்றார்.

"இஞ்ச கொண்டு வாங்க, பாத்துடலாம்," என்றார் மூப்பிலான்.

"கொண்டு வர முடியாது. எனக்க பிள்ளை அதுக்குள்ளயாக்கும் உறங்குதான்."

மூப்பிலான் என்னையும் ஏற்றிக்கொண்டு அன்று மத்தியானமே புறப்பட்டார்.

வண்டி வீட்டு முற்றத்தில் நின்றது. தாசையண்ணனின் மனைவி லீலா வெளிநாட்டில் நர்ஸாக இருந்தவர். வேலை முடிந்து வந்ததும் இருவருமாகக் கோவையில் ஒருவரிடமிருந்து வாங்கினார்களாம். அந்தக் கோவைக்காரர் தன் ஆசைக்குத் தானே கட்டிய வண்டி. கீழே இரும்புச் சட்டம், மேலே மரச் சட்டம், வெளியே அலுமினியத் தகடு, உள்ளே மெல்லிய பிளைவுட். சுவரில் நிற்கும் தாங்கு கட்டைகள்தான் கூரையைச் சுமந்தன. கட்டிலின் ஒரு பக்கமும் அந்தக் கட்டைகளில்தான் தொங்கியது. கட்டிலுக்கு மேலே, தலைக்கு நேராக, சாமான் வைக்கும் ஒரு பெட்டி.

மூப்பிலான் பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து, கட்டை தரையில் சேரும் இடத்தில் பிளைவுட் ஓரமாக விட்டார். அது தடையே இல்லாமல் உள்ளே போனது. அடுத்த கட்டையிலும் போனது. மேலே கூரை வளைவும் கட்டையும் சேரும் இடத்தில் என் விரல் நுனியே நுழைந்தது. ஒரு சட்டமாக இருக்க வேண்டியது, தகட்டின் தயவில் தனித்தனிக் கட்டையாக நின்றுகொண்டிருந்தது. கட்டிலில் ஒரு ஆள் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். முப்பதை ஒட்டிய வயது, நல்ல உயரம், நல்ல எடை. அவன் கால் மாற்றி வைத்தபோது மேலே பெட்டி லேசாக ஆடியது.

அவன்தான் எபி. பேச்சு குறைவு, சின்ன வயதிலிருந்தே அப்படி. இடம் மாறினால் தாங்க மாட்டான். வலிப்பும் உண்டு. ஒரு தடவை ரயிலில் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது வழி முழுக்க உறங்காமல் தலையை ஜன்னல் கம்பியில் மோதி ரத்தம் வந்து, பாதியில் இறங்கித் திரும்பியிருக்கிறார்கள். இந்த வண்டி வந்த அன்று தானாக ஏறிப் படுத்தானாம். அன்று முதல் இதுதான் அவன் அறை. சாப்பாடும் உள்ளேதான். கஞ்சி கொதிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டு கிடக்கப் பிடிக்கும் என்று லீலா சிஸ்டர் அங்கேயே வைத்துக் கொடுப்பார். ஜன்னல் திறக்கவிட மாட்டான். எங்காவது போனால் ஜீப்பில் தாய் தகப்பன் நடுவில் உட்காருவான், பின்னால் வண்டி வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருவான். ராத்திரி நிறுத்தினால் ஏறிப் படுத்துவிடுவான்.

"இப்பம் வலிப்பு கூடிட்டே வருது அண்ணே," என்றார் லீலா சிஸ்டர் என்னிடம். "எத்தனையோ நாள் கூப்பிட்டுக் கூப்பிட்டு பெங்களூர் ஆஸ்பத்திரியில கிடைச்ச தேதியாக்கும். இத விட்டா பின்ன எப்பம்னு அவங்களே சொல்ல மாட்டேங்குறாவ. இந்த வண்டி இல்லாம இவன் வரவும் மாட்டான்."

தேதிக்கு அதிக நாள் இல்லை. பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனால் எபி உறங்க இடமில்லை. உறங்காவிட்டால் வலிப்பு வரும். மூப்பிலான் ஒரு கட்டையின் மேல் வலது காதை வைத்துத் தட்டிக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"எலே சுகு. பகல்ல ஒரு கட்டையத் திறக்கணும், சாயங்காலம் அடைக்கணும். ஒரு நேரத்துல ஒண்ணுதான். அவன் படுக்கும்போ மேல ஒண்ணும் அசையக்கூடாது. முடியுமா?"

முடியும் என்று சொன்னேன். பெற்றவர்கள் இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது வேறு எதைச் சொல்ல? ஆனால் பயம் அந்த நிமிஷமே பிடித்துவிட்டது.

வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன், கேட்டவனுக்கு உபயோகப்படும். முதலில் தலைக்கு மேலிருந்த பெட்டியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தோம். பிறகு முட்டு. தரையில் அகலப் பலகை போட்டு, அதன் மேல் அயனிக் கம்பு நிறுத்தி, கூரை வளைவுக்கும் கம்புக்கும் நடுவே ஒரு ஆப்பு. ஆப்பை அடித்து இறுக்கக் கூடாது. அடித்தால் கூரை தூக்கிக்கொள்ளும், தகட்டில் ரிவிட் தெறிக்கும். கையால் தள்ளி, கூரையின் பாரம் கம்பில் இறங்குகிற அளவுக்கு மட்டும் போக வேண்டும். கட்டிலுக்குக் கீழும் ஒரு முட்டு. அதன் பின்தான் பிளைவுட்டில் கை வைத்தேன்.

முதல் கட்டையின் அடிப்பாகம் கறுத்து, ஈரச்சோறு மாதிரி இருந்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தினால் உள்ளே போனது. உளியால் கெட்டதையெல்லாம் வாரி, நல்ல மரம் வரும்வரை மேலே ஏறினேன். அங்கே நேராக அறுக்காமல் நீண்ட சாய்வாக அறுத்தேன். அதே சாய்வில் புது அயனித் துண்டை இழைத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிந்தால் திரும்ப இழைக்க வேண்டும். பழைய பசையைச் சுரண்டி, மரத்தின் சொந்த நிறம் தெரியவிட வேண்டும். பசை பசையின் மேல் பிடிக்காது, மரத்தில்தான் பிடிக்கும். இரண்டு டப்பாவைக் கலக்கும் எப்பாக்ஸி. கொஞ்சமாகக் கலக்க வேண்டும். அதிகம் கலந்தால் கிண்ணத்திலேயே சூடாகி இறுகிவிடும். இரு பக்கமும் தடவி, கிளாம்ப் போட்டு, பசை பிதுங்குகிற அளவுக்கு மட்டும் இறுக்கி விட வேண்டும். ஸ்குரு எல்லாம் மறுநாள், முன்னமே துளை போட்டுத்தான்.

மறுநாள்வரை கிளாம்ப்பும் முட்டும் அப்படியே நிற்க வேண்டும். அதாவது எபி அந்த முட்டுக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும். முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் புரண்டு கால் நீட்டினால்? என் மனைவி சரோஜம், "நம்ம வீட்டுக் கூரைய நீங்க ஒருநாள் இப்படி நினைச்சதுண்டா? அடுக்களையில ஓடு ஒழுகுது," என்றாள். விடிந்தும் விடியாமல் லீலா சிஸ்டருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, ஒண்ணுமில்ல. நல்லா உறங்கினான். பின்ன, அந்த ஆப்பு மட்டும் அவனுக்கக் கையில இருக்கு."

போனை வைத்தேனா, கீழே போட்டேனா தெரியாது. முதல் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். எபி ஆப்பைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றான். அவன் அறையில் புதிதாக ஒரு சாமான் முளைத்தது அவனுக்குப் பொறுக்கவில்லை, பிடுங்கிவிட்டான். கூரை கிளாம்ப்பின் தயவில் நின்றிருக்கிறது. கம்பு சரிந்து சுவரில் சாய்ந்து கிடந்தது. மறு பக்கம் சரிந்திருந்தால் அவன் தலையணையின் மேல்தான் விழுந்திருக்கும். நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மூப்பிலான் வந்து பார்த்தார். எனக்கு சார் பட்டம் கிடைக்கும் என்றே நினைத்தேன். அவர் லீலா சிஸ்டரிடம், "இவன் போத்துற பழைய துணி வல்லதும் உண்டா?" என்று கேட்டார். எபியின் பழைய போர்வையை முட்டுக் கம்பில் கீழிருந்து மேல்வரை சுற்றி, ஆப்பையும் உள்ளே வைத்துக் கட்டச் சொன்னார். கட்டினோம். எபி வந்து போர்வையைத் தொட்டுப் பார்த்தான், முகர்ந்தான், போய்ப் படுத்துக்கொண்டான். பிறகு ஒருநாளும் அதில் கை வைக்கவில்லை. நான் மட்டும் தினமும் விடியும் முன் போன் போடுவதை நிறுத்தவில்லை.

ஒவ்வொரு கட்டையாக நகர்ந்தோம். எல்லாம் கீழ்ப்பாகத்தில்தான் கெட்டிருந்தன. மழை மேலிருந்து ஒழுகியிருந்தால் மேலேதானே கெட வேண்டும்? இது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் மல்லாக்கப் படுத்து வண்டிக்குக் கீழே போய்ப் பார்த்தேன். சுவரின் அடி ஓரத்தில், உள்ளே சேரும் தண்ணீர் வடிந்து போக வரிசையாகச் சின்ன ஓட்டைகள் இருக்க வேண்டும். ஓட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் கருப்புப் பசை வைத்து, பிளாஸ்டிக் துண்டு ஒட்டி, அழகாக அடைத்திருந்தது. பசையின் மணமே சொல்லிவிட்டது. மழைக்காலத்திலும் பால் வெட்ட ரப்பர் மரத்தில் பாவாடை மாதிரி பிளாஸ்டிக் கட்டுவார்களே, அந்த ரெயின் கார்டுக்குத் தடவுகிற பசை.

தாசையண்ணனிடம் கேட்டேன். "ஆமா, நான்தான் ஒட்டினேன்," என்றார் பெருமையாக. "போன வருஷம் அது வழி சொட்டுச் சொட்டா ஒழுகிட்டு இருந்தது. ஒட்டின பிறகு ஒரு துள்ளி வந்ததில்ல."

துள்ளி எப்படி வரும்? கஞ்சி ஆவியும் மூச்சு ஈரமும் அடைத்த ஜன்னலுக்குள் தகட்டில் படிந்து, சுவருக்குள் இறங்கி, வெளியே போக வழியில்லாமல் கட்டைகளின் காலடியிலேயே கிடந்திருக்கிறது. அவர் வெளியே இருந்து வரும் மழையைத் தடுப்பதாக நினைத்து, உள்ளே இருந்த தண்ணீரைச் சிறை வைத்திருந்தார். இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். தலையாட்டினார். பசையைச் சுரண்டி எல்லா ஓட்டையையும் திறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் மழை வந்தது. இடவப்பாதி அந்த வருஷம் சும்மா வரவில்லை, அடைத்துக்கொண்டு கொட்டியது. கடைசிக் கட்டையும் முடிந்து, பிளைவுட் மூடி, முட்டுகளை எடுத்தபோது புறப்படும் நாள் மிக நெருங்கிவிட்டது. மழை விட்ட ஒரு காலையில் ஓட்டிப் பார்க்க முடிவானது. ஓடும் வண்டிக்குள் ஆள் இருக்கக் கூடாது என்பதால் ரோட்டில் இறக்காமல், ரப்பர் தோட்டத்துக்குள் போகும் மண் பாதையில் தாசையண்ணன் ஜீப்பை ஓட்டினார். உள்ளே நான் தனியாக, எபியின் கட்டிலில், கண்ணை மூடி, காதைக் கட்டையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கிறீச் சத்தத்துக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். அது வரவில்லை. ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியபோது, என் காதுக்குக் கீழே, சுவருக்குள், களக் என்றது. அடுத்த பள்ளத்தில் திரும்பவும் களக். குடத்தில் பாதித் தண்ணீரை வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தால் கேட்குமே, அதே சத்தம். நான் கையால் சுவரை அடித்துக் கத்தினேன். ஜீப் நின்றது. இறங்கி ஓடிக் கீழே படுத்துப் பார்த்தேன். எல்லா ஓட்டையும் கருப்பாக, புதிதாக, முன்னைவிட அழகாக அடைத்திருந்தது.

வேலைக்காலம் முழுவதும் நான் ஒரு வாடிக்கையாளரிடம் கத்தியது அந்த ஒரு தடவைதான். "உமக்குக் கிறுக்கா தாசையண்ணே? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! உம்ம பிள்ளை உறங்குற இடமில்லையா இது?" என்று கேட்டேன்.

அவர் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அதுனாலதான் மேஸ்திரி," என்றார். "மழை இந்தப் பெய்யலு பெய்யும்போ, ஓட்டையத் திறந்து போட்டுட்டு எனக்குக் கிடக்க முடியல. அதுக்குள்ள எனக்க பிள்ளை கெடக்கான். நீங்க சொன்னது மனசிலாயி. ஆனா முடியல." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கண் நிறைந்துவிட்டது. எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. நான் மட்டும் என்ன, ஆப்பை நினைத்துச் சோறு தின்னாதவன்தானே.

பாதையோரம் நின்றிருந்த மூப்பிலான் மெதுவாக வந்தார். ஓட்டைகளைக் குனிந்து பார்த்தார். தாசையண்ணனின் தோளில் கை வைத்துப் பக்கத்து ரப்பர் மரத்துக்குக் கூட்டிப்போனார்.

"இதுல வெட்டுச் சாலு சரிச்சுதானே போட்டிருக்கு? எதுக்கு?"

"பால் இறங்க."

"இந்தத் தகரச் சில்லு?"

"பால் மரத்துல படாம சிரட்டையில விழ."

"சில்லக் களைஞ்சு, சால அடைச்சா?"

"பட்டைக்குள்ளயே தங்கும். பட்டை கெட்டுப் போகும்."

தாசையண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு கை நிறையத் தகரச் சில்லுகளை அள்ளிக்கொண்டு வந்தார். பால் சிரட்டையில் வழிந்து விழ மரத்தில் அடிப்பார்களே, அந்தச் சின்னத் தகரத் துண்டுகள்தான். ஓட்டைகளை நான் குத்தித் திறந்தேன். சாயாவின் நிறத்தில் தண்ணீர் கொட்டி எங்கள் கால்களை நனைத்தது. ஒவ்வொரு ஓட்டைக்கும் மேலே, கீழ்நோக்கிச் சரித்து ஒரு சில்லைத் தாசையண்ணன் தன் கையாலேயே பதித்தார். உள்ளே உள்ளது இறங்கும், வெளியே தெறிப்பது ஏறாது. அப்படி ஒரு யோசனை எனக்கும் வந்ததில்லை, மூப்பிலானுக்கும் வந்ததில்லை.

ஆனால் அதோடு விட எனக்கு மனம் வரவில்லை. புது ஏப்புகள் எத்தனை நேரம் தண்ணீரில் நின்றன? கீழ்ப் பிளைவுட்டைத் திரும்பக் கழற்றினேன். மூப்பிலான் ஒவ்வொரு ஏப்பிலும் ஸ்கேலை வைத்துப் பார்த்தார், நுழையவில்லை. மரம் மேலே ஈரம், உள்ளே காய்ந்துதான் இருந்தது. அயனி அயனிதான். வீட்டிலிருந்த மேசை விசிறிகளை எல்லாம் கொண்டுவந்து பகல் முழுக்கக் காற்று விட்டோம். எபி முற்றத்தில் உட்கார்ந்து விசிறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்ப மூடி, திரும்ப ஏறி, அதே பாதையில் ஓடினேன். பள்ளம் வந்தது, போனது. மரம் பேசவில்லை, தண்ணீரும் பேசவில்லை.

இறங்கி நின்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை என்பதே எனக்குப் பயமாக இருந்தது. கேட்டால் கழற்றலாம், கேட்காததை என்ன செய்ய? இது பட்டறையைச் சுற்றி ஓடுகிற பஸ் இல்லை, மலையும் சமவெளியும் தாண்டி ஓசூர் வழியாகப் போக வேண்டிய வண்டி. மூப்பிலான் அவசரப்படுத்தவில்லை. கடைசியில், "சார் என்ன சொல்லுது?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கோபமில்லாமல் அவர் அந்தச் சொல்லைச் சொன்னது எனக்குத் தெரிந்து அன்றைக்கு மட்டும்தான். போகட்டு என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் போனார்கள். அன்றும் அடுத்த நாளும் நான் மனுஷனாக இல்லை. ஓட்டும்போது கூப்பிடக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொள்வேன், பிறகு கூப்பிட்டுவிடுவேன். நாமக்கல் தாண்டியாச்சு என்றார் லீலா சிஸ்டர். பெட்டியில் வல்லதும் சத்தம் உண்டா என்று கேட்டேன். பெட்டியை நீங்க வீட்டுக்குள்ளயே வச்சுட்டியளே அண்ணே என்றார். திரும்ப மாட்ட மறந்திருக்கிறோம். நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி நாளன்று போனே வரவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. மத்தியானம் தாண்டியது. சரோஜம் கூட என்னைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டாள். சாயங்காலம் லீலா சிஸ்டரே கூப்பிட்டார்.

"அண்ணே, இவன் வண்டிய விட்டு இறங்க மாட்டேன்னு இருந்துட்டான். எத்தன கெஞ்சினோம். கடைசியில டாக்டரம்மா கீழ இறங்கி பார்க்கிங்குக்கே வந்தாவ. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளும் கூட உண்டு. எல்லாரும் உள்ள ஏறினாவ."

"எல்லாருமா? எங்க இருந்தாவ?"

"கட்டில்லதான். வேற எங்க இருக்க? ரொம்ப நேரம் இருந்து பாத்தாவ. மருந்து மாத்தி எழுதியிருக்காவ, இதுல வலிப்பு குறையும்னு தைரியமாச் சொன்னாவ."

அந்தக் கட்டைகள் ஒருவன் படுப்பதற்கு நான் கணக்கு வைத்தவை. தாயும் மகனும் டாக்டரும் மாணவர்களுமாக வரிசையாக உட்கார்ந்திருப்பது என் கண்ணுக்கு முன்னால் வந்தது. எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள், சுவர்ப் பக்கமா கதவுப் பக்கமா என்று கேட்க வாயைத் திறந்தேன்.

"அண்ணே, அது இல்ல நான் சொல்ல வந்தது," என்றார். அவர் குரல் மாறிவிட்டிருந்தது. "டாக்டரம்மா ஏறினதும் எபி அவனா ஒதுங்கி, கையால தட்டி, இஞ்ச இருன்னு இடம் குடுத்தான். இத்தன வருஷத்துல எனக்குக் குடுத்ததில்ல அண்ணே. எனக்குக் குடுத்ததில்ல."

அவர் அழுதார். நானும் போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதேன். கட்டில் ஆடியதா என்று நான் கேட்கவில்லை.